மூன்று நாளைக்கு ஒரு சொட்டு

சிலந்திக் குஞ்சுக்கு எப்படித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். பேசி முடிக்கும்போது பேச்சு சிலந்தியை விட்டு அக்காவிடம் போய் நிற்கும். அதனால் கேட்காமல் இருப்பதே அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். தவளை பிடித்துத் தருவது, செத்த பிராணிகள் மிதக்கும் பாட்டில்களில் ஃபார்மலின் மாற்றுவது, மாணவர்கள் கத்திரியைத் தொலைத்தால் கத்துவது. கத்துவதில் எனக்கு நல்ல பெயர். சொன்னதைச் சொன்னபடி செய்யாதவர்களைக் கண்டால் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும். வீட்டில் அக்கா எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தாள்.

வீடு என்றால் வண்ணார்பேட்டையில், பஸ் இரைச்சல் ஓயாத ஒரு சந்தில், வாடகை வீடு. நானும் அக்காவும் மட்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். சீவலப்பேரியில் பள்ளிக்கூட டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து, அதிலேயே நோட்டுத் திருத்திக்கொண்டு போய்வருவாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். ஒன்றுகூட உண்மையில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் கால் வீங்கியது. செருப்பு இறுக்கம் என்றாள். பிறகு முகம் வீங்கியது. அதற்குச் செருப்பைக் குற்றம் சொல்ல முடியவில்லை. எத்தனையோ வருஷமாகப் பார்க்காமல் விட்ட ரத்த அழுத்தம் இரண்டு கிட்னியையும் தின்று முடித்திருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அதைவிடப் பெரிய வெடியைக் கடைசியில்தான் போட்டார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர். காப்பி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். கூடினால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும்.

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளிடம் அரை லிட்டர் என்றால் எப்படி? சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு செம்பு, பின்னால் ஒரு செம்பு குடிக்கிற ஆள் அவள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பானையைத் திறந்து அப்படியே நின்றபடி குடிப்பாள், தொண்டை ஏறி இறங்குவதை எதிர்த்த வீட்டிலிருந்து பார்க்கலாம்.

அடுத்த மாதம் சிலந்தி வந்தது. கல்லூரி கேண்டீனுக்கு மலையடிவாரத்திலிருந்து வந்த விறகு லாரியில், பொந்து விழுந்த ஒரு கட்டைக்குள் இருந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம். டாரன்டுலா என்று சொன்னால் மாணவர்களுக்குப் புரிந்தது. கேண்டீன்காரருக்குப் புரியவில்லை, விளக்குமாற்றை எடுத்துவிட்டார். நான் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்தேன். அது ஒரு வெள்ளை உருண்டையைக் கட்டிப் பிடித்திருந்தது, முட்டைப் பை. ஆய்வகத்தில் வைத்தால் யாராவது ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்கா விடுப்பில் வீட்டில் படுத்திருந்தாள். ஜாடியைப் பார்த்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“பிள்ளத்தாச்சியாலே?”

“பிள்ளையையே கையில வச்சிருக்கு.”

“அப்ப இங்கனயே இருக்கட்டும். ஆளில்லாத வீட்டுக்கு ஆளு வந்த மாதிரி.”

தையில் பை கிழிந்து குஞ்சுகள் வெளியே வந்தன. எண்ணினேன், அறுபத்துமூன்று. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அறுபத்துமூவரும் நம்ம வீட்டுக்கே வந்துட்டாங்கலே. வெளக்கேத்து.” தாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையில் வைத்துப் பாபநாசம் பஸ்ஸில் கொண்டுபோய் மரத்தடியில் விட்டுவந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் பையில் என்ன என்று கேட்டதற்கு, அக்காவின் பாணியில், மாம்பழம் என்று சொன்னேன்.

குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்னும். ஆளுக்கொரு வீடு வேண்டும். போட்டோ ஸ்டூடியோவில் பிலிம் ரோல் வரும் டப்பா கேட்டேன். கறுப்பு வேண்டாம், உள்ளே தெரிகிற வெள்ளைதான் வேண்டும் என்றேன். ஸ்டூடியோ அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எட்டுக்கால் பூச்சிக்கா டப்பா கேக்கீரு? எங்க வீட்டு மூலையில நெறையக் கெடக்கு, அள்ளிக்கிட்டுப் போம் வே.”

ஆனாலும் தந்தார். கல்யாண சீசன், டப்பாவுக்குப் பஞ்சமில்லை. ஊசியைக் காய்ச்சி மூடியில் ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் நார்த்தூள் நிரப்பி, அலமாரியின் மூன்று தட்டில் வரிசையாக வைத்தேன். தீனிக்குக் கவலையில்லை. அழுகின வாழைப்பழத்தில் பழ ஈ வளர்ப்பது எங்கள் ஆய்வகத்தில் தினசரி வேலை. வாழைப்பழமும் அக்காவுக்கு விலக்கு, கிட்னிக்கு ஆகாது. வாசனை வராமல் பொட்டலம் கட்டித்தான் ஈயைக் கொண்டுவருவேன்.

தண்ணீர்தான் விஷயம். கடுகைவிடச் சற்றுப் பெரிய உடம்பு. தோல் மெல்லியது. வெளிக்காற்றில் ஒரு நாள் விட்டால் வற்றிவிடும். கிண்ணத்தில் வைத்தால் விழுந்து முங்கும். பஞ்சை நனைத்து வைத்தால் பஞ்சு கெட்டுப் பூச்சி பிடிக்கும். இங்க் பில்லரால் டப்பாவின் உள்சுவரில் ஒரு சொட்டு வைக்க வேண்டும், குஞ்சின்மேல் படாமல். நார்த்தூளில் ஒரு ஓரம் ஈரம், மறு ஓரம் காய்ந்தே இருக்க வேண்டும். எந்த ஓரம் வேண்டும் என்று அது முடிவு செய்துகொள்ளும். வயிறு உருண்டையாக இருந்தால் சரி. சுருங்கினால் தாகம். பழைய தோல்சட்டையைக் கழற்றப் போகிற நாட்களில் கொஞ்சம் கூடுதல் ஈரம். மற்றபடி மூன்று நாளைக்கு ஒரு சொட்டு. அதிகம் கொடுத்தால் பூஞ்சை பிடிக்கும். வறண்டு செத்ததைவிட ஈரத்தில் செத்ததுதான் அதிகம் என்று ஆரம்பத்திலேயே பத்துப் பதினைந்தைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரே அறை. ஒரு பக்கம் அலமாரியில் அவை. மறு பக்கம் கட்டிலில் அவள், தலைமாட்டில் கோடு போட்ட அரை லிட்டர் பாட்டில். இரண்டுக்கும் அளந்து ஊற்றுகிறவன் நான். சிரிக்கத்தான் செய்தோம். “எனக்கும் பில்லர்ல விட்டுரு, மிச்சமாவும்” என்பாள். நான் முறை வைத்துத் தண்ணீர் காட்டும் நாளில் எழுந்து வந்து பக்கத்தில் நிற்பாள். குஞ்சு மெல்ல நகர்ந்து சொட்டில் வாயை வைக்கும். அப்படியே அசையாமல் இருக்கும். வயிறு பைய உருண்டையாகும்.

“குடிக்குது பாரு” என்பாள். அதைச் சொல்லும்போது உதட்டை நாக்கால் தடவிக்கொள்வாள். அதற்குப் பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

அவள் எதிரில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தேன். கல்லூரியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வருவேன். வீட்டில் மண்பானையை எடுத்துவிட்டேன். அதன் பக்கத்தில் போனாலே வரும் அந்த ஈர மண் வாசனை அவளை அழவைத்தது.

மாசியில் ஒரு நாள் நான் இல்லாதபோது அடுப்படிக்குப் போய் இரண்டு செம்பு குடித்துவிட்டாள். மத்தியானம் கல்லூரிக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேரும்போது கட்டிலில் உட்கார்ந்து, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. பிழைத்தாள். அன்றிலிருந்து அடுப்படிக்குப் பூட்டுப் போட்டேன். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அலைந்தேன், இன்ஸ்பெக்டரேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. பங்குனி ஆரம்பத்தில் ஒரு நாள் மிஷினிலிருந்து திரும்பி வந்தோம். ஆட்டோவெல்லாம் அனல். பாட்டில் காலையிலேயே காலி. கட்டிலில் சாய்ந்ததும் கேட்டாள்.

“ஒரு வாய் குடுலே.”

“முடிஞ்சு போச்சுக்கா. இனிமே நாளைக்குத்தான்.”

“ஒரே ஒரு வாய். நாளைக்குக் கணக்குல கழிச்சுக்கோ.”

“மாசியில என்ன ஆச்சு? மறந்துட்டியா?”

“அது ரெண்டு செம்பு. இது ஒரு வாய்தானலே.”

“முடியாதுன்னா முடியாது.”

திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, சொன்னதில் நின்றுவிட்டேன் என்று.

அந்த மாதமே செய்முறைத் தேர்வுக்கு உதவியாக என்னை வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு ஆறு நாள் அனுப்பினார்கள். காலையில் முதல் ஆளாக ஆய்வகத்தைத் திறக்க வேண்டும், அங்கேயே தங்கல். அடுத்த வீட்டு அம்மா சாப்பாடு தருவதாகவும், மிஷினுக்கு ஆட்டோவில் கூட்டிப்போவதாகவும் சொன்னார். அவரிடம் அரை லிட்டர் கணக்கைப் பத்துத் தடவை ஒப்பித்தேன். அடுப்படியைப் பூட்டிச் சாவியையும் அவரிடம் கொடுத்தேன். அக்காவிடம் குஞ்சுகளை ஒப்படைத்தேன். அப்போது நாற்பத்தொன்று இருந்தன.

“மூணு நாளைக்கு ஒரு சொட்டு. நான் வரதுக்குள்ள ரெண்டே தடவை. எண்ணி வச்சுக்கோ.”

“சரி இன்ஸ்பெக்டரே.”

திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே மழைக்கால வாசனை வந்தது. பங்குனி வெயிலில் ஏது மழை? அலமாரியைப் பார்த்தேன். டப்பாக்கள் எல்லாம் உள்ளே வியர்த்துப்போய் மங்கிக் கிடந்தன. ஒன்றைத் திறந்தேன். நார்த்தூள் மேல் பஞ்சு போலப் பூஞ்சை. குஞ்சு கால்களை மடக்கி ஒரு புள்ளியாகக் கிடந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நாற்பத்தொரு டப்பாவையும் தரையில் பரப்பி வைத்துத் திறந்தேன். மூன்று உயிரோடு இருந்தன.

நான் அன்று பேசியதை இங்கே எழுதக் கூசுகிறது. உன் கையில் கொடுத்தது என் புத்திகெட்டதனம் என்றேன். நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு மூன்று வரை எண்ணத் தெரியாதா என்றேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வயிறு சுருங்குன மாதிரி இருந்துச்சுலே. பாக்கப் பாக்க அப்பிடித்தான் தெரிஞ்சுது” என்றாள்.

“சுருங்கல. உனக்கு அப்படித் தோணியிருக்கு.”

“மூணு நாளைக்கு ஒரு சொட்டுங்கியே. நீயே சொல்லு, எப்பிடிலே பத்தும்?”

“அது மனுசன் இல்லக்கா. பூச்சி. அதுக்குப் பத்தும்.”

“நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கது எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு அதுகள எப்பிடிப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கது?”

தினமும் கொடுத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது. அடுப்படி பூட்டிக் கிடந்ததே.

“தண்ணி ஏது உனக்கு?”

அவள் தலைமாட்டுப் பாட்டிலைப் பார்த்தாள்.

“அதுலருந்தா? உன் தண்ணியில இருந்தா குடுத்த?”

“வேற எங்கன இருக்கு? நீதான் பூட்டிட்டுப் போயிட்டியே.”

“பாத்ரூம்ல டிரம் நெறைய இருக்குல்லா?”

“ஏலே, அது காலு கழுவுற தண்ணில்லா? அதையா ஒரு உயிருக்குக் குடிக்கக் குடுப்பாங்க?”

ஆறு நாள், அந்த வெயிலில், தன் அரை லிட்டரில் கையை வைத்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. செத்த குஞ்சுகளை ஒரு பழைய பேப்பரில் கொட்டி வெளியே கொண்டுபோனேன். கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில் இருக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று அப்போது நினைப்புப் போல.

அதன் பிறகு அவள் அலமாரிப் பக்கம் வரவில்லை. மீந்த மூன்றில் சித்திரையில் ஒன்று போனது, வைகாசியில் ஒன்று. கடைசி ஒன்று நன்றாக வளர்ந்தது. சுண்டுவிரல் நகம் அளவு வந்து, காலில் மஞ்சள் பட்டை தெரிய ஆரம்பித்தது. அதைப் பெரிய பாட்டிலுக்கு மாற்றினேன். கட்டிலிலிருந்தே பார்ப்பாள். “இன்னைக்கு மொறையா?” என்று கேட்பாள். இல்லை என்றால் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அவளும் வற்றிக்கொண்டே போனாள். கால் மட்டும் வீக்கம், மற்ற இடமெல்லாம் எலும்பு. கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. மிஷினில் படுத்த அரை மணியில் ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பியது. ஆனியில் ஒரு நாள் டாக்டர் என்னை மட்டும் வரச்சொன்னார். மேசையில் இருந்த ரிப்போர்ட்டை மடித்து என் பக்கம் தள்ளினார்.

“இனிமே மிஷின் தாங்காது. வீட்டுலயே வச்சுக்கோங்க. அவங்க என்ன கேட்டாலும் குடுங்க.”

“தண்ணி, சார்?”

“எவ்வளவு வேணுமோ குடுங்க.”

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலையில் நல்ல மழை, ஆற்றில் புதுத் தண்ணீர். பாலத்தில் நின்று பார்க்கிற கூட்டத்தைத் தாண்டி நடந்தே வீட்டுக்குப் போனேன். எவ்வளவு வேண்டுமோ கொடுங்கள். எட்டு மாதமாக அந்த வார்த்தைக்காகத்தான் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

அடுப்படிப் பூட்டைத் திறந்தேன். பரணில் கிடந்த அவளுடைய பித்தளைச் செம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். கழுத்துவரை நிரப்பி இரண்டு கையாலும் பிடித்து அவள் முன்னால் கொண்டுபோனேன்.

செம்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் செம்பைப் பார்த்தாள்.

“டாக்டர் என்னலே சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. குடி.”

“முழுச் செம்பா?”

“முழுச் செம்புந்தான். குடிக்கா.”

இருபது வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவள். எழுந்து உட்காரக் கையை நீட்டினாள். தூக்கி உட்காரவைத்துச் செம்பை வாயில் வைத்தேன். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையால் செம்பைத் தள்ளினாள்.

“போதும்.”

“இன்னும் கொஞ்சம் குடியேன்.”

“போதும்லே.”

“ஒரே ஒரு வாய்க்கா. எனக்காக.”

“எத்தன நாளு இந்தச் செம்ப நெனச்சுக்கிட்டே படுத்துக் கெடந்தேன் தெரியுமா. இப்ப எறங்க மாட்டேங்குது” என்றாள். அழவில்லை. என் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

“அதுக்கு இன்னைக்கா மொறை?”

“நாளைக்கு.”

“அப்ப நாளைக்கே குடு. முந்திக் குடுத்துராத.”

மறுநாள் காலை பஸ்கள் ஓடத் தொடங்கிய சமயம் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவளைக் குளிப்பாட்டும் தண்ணீருக்கு, நீர்மாலை எடுக்க ஆற்றுக்குப் போனோம். நான் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு குடத்தைச் சுமந்து வந்தேன். சங்கு ஊதிக்கொண்டே முன்னால் போனார்கள். வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தி, குடம் குடமாக அவள் தலையில் ஊற்றினோம். புது வெள்ளத் தண்ணீர், லேசாகக் கலங்கல். உதட்டில் பட்டு வழிந்து தெருவரை ஓடியது. இன்னும் ஒரு குடம் ஊத்துங்க, இன்னும் ஒரு குடம் என்று யாரோ பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது.

எல்லாரும் போய் வீடு காலியானபோது ஐந்து நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் சிலந்திப் பாட்டில் நினைவுக்கு வந்தது. சிலந்தி காய்ந்த ஓரத்தில் கிடந்தது. வயிறு உண்மையாகவே சுருங்கியிருந்தது. அடுப்படியில் அந்தச் செம்பு அப்படியே இருந்தது, அவள் இரண்டு வாய் குடித்த மிச்சத்தோடு. அதை நான் கொட்டவுமில்லை, குடிக்கவுமில்லை. பில்லரை அதில் விட்டு எடுத்து, கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்தேன்.

பைய நகர்ந்து வந்து வாயை வைத்தது. முழுவதும் குடித்தது. குடித்த பிறகும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் பில்லரைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். பிறகு இன்னொரு சொட்டும் வைத்தேன்.

அந்தச் சிலந்தி அதற்குப் பிறகு ஆறு வருஷம் என்னோடு இருந்தது. அந்த இரண்டாவது சொட்டால் அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.